ஒன்றரை வருடத்துக்கு ஒரு திருத்தம்

தம்பி,

இது நீ மட்டும் படிப்பதற்காக எழுதியது இல்லை. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் ஆண்டு மலருக்காக எழுதியது. மலர் அச்சாகி வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். நீயோ வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஆய்வு நிறுவனத்துக்கு வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ பதில் எழுத வேண்டும். அதனால் கையெழுத்துப் படியை முதலில் உன்னிடம் கொடுக்கிறேன். என் கையெழுத்தைப் பற்றி உனக்குத் தெரியும். புரியாத இடத்தில் அப்பாவைக் கேள். கரும்பலகையில் நான் எழுதுவதை மாணவிகள் படிக்கிறார்களோ இல்லையோ, என் கையெழுத்தை அவர் எப்படியோ படித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நடந்த பேச்சை மறுபடி எழுதுகிறேன், மலரைப் படிக்கப்போகிறவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் இல்லையா. உனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கிராஃபீனில் ஸ்பின்ட்ரானிக்ஸ், அதாவது நான் ஆராய்ச்சி செய்த அதே துறை. அப்பா கையில் குழம்புக் கரண்டியை வைத்துக்கொண்டு, "சீட்டு கெடச்சி ஒரு வாரம் ஆவுது. இன்னாடா இன்னும் யோசன பண்ணிக்கினு இருக்க?" என்று கேட்டார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "போவலப்பா. அந்த லேப் யாருதுன்னு லெட்டர் வந்தப்பறந்தான் பாத்தேன். அம்மாவ ஒன்ற வருஷம் புடிச்சி வெச்சிருந்தாரே, அவரு இப்ப அங்கதான் இருக்காரு. அவருகிட்ட போயி கைய கட்டிக்கினு நிக்கச் சொல்றியா?" பக்கத்தில் இருந்த உன் அத்தை உடனே, "கரெக்டா சொன்னடா என் ராஜா. கொழந்த அம்மை போட்டுக்கினு கெடக்குது, ஒரு நாள் லீவு குடுக்காத ஆளு! அவன்லாம் ஒரு வாத்தியாரு" என்றார். நான் உனக்கு ரசம் ஊற்றினேன். ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்படியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அவர், என் ஆராய்ச்சி வழிகாட்டி, என்னைப் பிடித்து வைக்கவில்லை, தம்பி. லீவு தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டும் நான் சொன்ன பொய். உன்னிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன். போன வருடம் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்காக இதே மலரில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அதிலும் கண்டிப்பான வழிகாட்டி, பிரிந்திருந்த குழந்தை என்று அழகாக எழுதிவிட்டேன். நிறையப் பேர் படித்துவிட்டுக் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தவறான முடிவை ஓர் இதழில் அச்சிட்டுவிட்டால், திருத்தத்தையும் அதே இதழில், அதே பெயரில் அச்சிட வேண்டும். தனியாக ஆளைக் கூப்பிட்டுக் காதில் சொன்னால் போதாது. அதனால்தான் உனக்கு எழுத வேண்டியதை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். உனக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன். என் அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவர்கள் யாரும் இல்லை. கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லாததால், வரிசை சின்னதாக இருந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அது இயற்பியல். பெரிய ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. இரண்டாம் வருடத்தில்தான் ஆசை வந்தது. மூன்றாம் வருடத்தில் கல்யாணம் ஆகி விழுப்புரத்துக்கு வந்தேன். உன் அப்பா அப்போது பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் நகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் புரியுதாங்க உங்களுக்கு?" என்று கேட்டார். "பாதி" என்றேன். "பாதி புரிஞ்சா வண்டி ஓடும்" என்றார். நீ பிறந்த பிறகு எம்.எஸ்ஸி. முடித்தேன். நம் இரண்டு பேரையும் ரயிலில் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அக்காவா என்று கேட்கிறார்களே, அதற்குக் காரணம் நான் இளமையாக இருப்பது இல்லை. நான் உனக்கு அம்மா ஆகும்போது எனக்கே வயது ஆகவில்லை.

உனக்கு ஐந்து வயதாகும்போது சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. போக மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்பாதான், "மூணு வருஷந்தானே. பதினஞ்சி நாளைக்கு ஒருவாட்டி வந்துக்கினு போ. நானும் அக்காவும் பாத்துக்கறோம்" என்றார். அத்தை வீடு அடுத்த தெருவில். பகலில் நீ அங்கே, இரவில் அப்பாவோடு. அத்தைக்கு என் ஆராய்ச்சி என்னவென்று விளக்கிச் சொன்னேன். பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட் அடுக்கு அடுக்காக இருக்கிறது, அதைச் செலோ டேப்பில் ஒட்டி ஒட்டி உரித்தால் கடைசியில் ஒரே ஓர் அணு கனத்தில் ஓர் அடுக்கு கிடைக்கும், அதற்குப் பெயர் கிராஃபீன் என்றேன். "இன்னாம்மே, கரிய உரிக்கிறதுக்கா புள்ளைய உட்டுட்டு மெட்ராஸ் போற? எங்கூட்டு அடுப்புல எம்மாங் கரி கீது. வா, வந்து உரி" என்றார். தெருவில் அதற்குப் பிறகு என் பெயர் கரி உரிக்கிற டீச்சர்.

அப்பா அப்படி இல்லை. ஸ்பின் என்றால் என்ன என்று விடாமல் கேட்டார். எலெக்ட்ரானுக்கு மின்சுமை இருக்கிறது, அதோடு ஸ்பின் என்று ஒரு குணமும் இருக்கிறது, மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்போதைய கம்ப்யூட்டர்கள் சுமையை நகர்த்தித்தான் வேலை செய்கின்றன, ஸ்பின்னை வைத்துச் செய்தி அனுப்ப முடிந்தால் சூடு குறையும், மின்சாரமும் மிச்சமாகும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான் கொஞ்ச தூரம் போவதற்குள் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மறந்துவிடுகிறது. கிராஃபீனில் மறக்காமல் வெகு தூரம் போகிறது. அப்பா யோசித்துவிட்டு, "அதாவது, விழுப்புரத்துல ஏறுறப்ப ஜன்னல் பக்கம் பாத்த ஆளு, தாம்பரம் வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கினு போறான். ரோடு நல்லா இருந்தா போவான்" என்றார். பின்னாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஆய்வகத்தில் எனக்கு முதல் மாதமே ஒரு விஷயம் நடந்தது. கிராஃபீன் படிந்த சிலிக்கான் சில்லு விரல் நகத்தில் பாதிதான் இருக்கும். அதைக் கையால் தொடக் கூடாது, ட்வீசரால், அதாவது சின்ன இடுக்கியால், எடுக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத நல்ல ட்வீசர்கள் ஓர் அலமாரியில் பூட்டி இருந்தன. சாவி ஒரு சீனியர் ஆராய்ச்சி மாணவரிடம். ஒரு நாள் போய், "சார், ட்வீசர் எடுத்துக்கினு உடனே குடுத்துடறேன்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "மேடம் எடுத்துக்கினு போய்க்கினு குடுத்துக்கினு வருவாங்களாம்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தச் சாவியைக் கேட்கவே இல்லை. சாவி மட்டும் இல்லை, எதையுமே கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்தது மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்த வாரம் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் ஒரு ட்வீசர் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் டிப்போவில் எலக்ட்ரீஷியன் வைத்திருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, முனை மொத்தையாக இருக்கிறது என்று வாசலில் உட்கார்ந்து அரத்தால் ராவினார். நீ பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாய். ஒரு மணி நேரம் ராவி, துணியில் துடைத்து, என் கையில் கொடுத்து, "பாரு, கொசு கால புடிச்சாகூட முறியாது" என்றார். அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அதைத் தனி டப்பாவில் போட்டு எப்போதும் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அதில் சில்லைத் தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் தைரியமாக இருக்கும். மலரைப் படிப்பவர்களில் இயற்பியல் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் காந்தத்தில் ஒட்டாது, எனக்குத் தெரியும். ட்வீசரும் அதே மாதிரி பளபளவென்று இருந்தது. சோதித்துக்கூடப் பார்க்காமல் அதுவும் ஒட்டாது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருடம் என் சில்லுகளில் காந்தம் தெரிய ஆரம்பித்தது. கார்பன் காந்தம் இல்லை. கரியைக் காந்தம் இழுக்காது என்பது உன் அத்தைக்கும் தெரியும். ஆனால் ஓர் அணு கன அடுக்கில் அங்கங்கே அணுக்கள் விடுபட்டிருந்தால் காந்தம் வரலாம் என்று உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. என் சில்லைக் கருவியில் வைத்துக் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினால், காந்தப் பொருள்களுக்கு வரும் வளையம் திரையில் அழகாக வந்தது. ஒரு சில்லில் இல்லை, ஏழெட்டுச் சில்லுகளில். வழிகாட்டியான சார் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவிக்காரச் சீனியர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். காந்தமும் இருந்து ஸ்பின்னையும் மறக்காத ஒரு பொருள் என்றால் அதை வைத்து என்னென்னவோ செய்யலாம். கட்டுரையை எழுதினோம். ஆய்வேட்டைப் பொங்கலுக்கு முன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாய்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உனக்கு எட்டு வயது. உடைந்த ஸ்பீக்கரில் இருந்து அப்பா எடுத்துக் கொடுத்த காந்தத்தை வைத்துக்கொண்டு வீடு முழுக்க எது ஒட்டும் எது ஒட்டாது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நோட்டில் பட்டியல் வேறு. டம்ளர் ஒட்டாது, கரண்டி ஒட்டாது, தோசைக் கல் ஒட்டும். என் பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தாய். "அம்மா, உன் ட்வீசர் ஒட்டிக்கினு வர மாட்டேங்குது பாரு!" என்று கத்தினாய். காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு, நீ இழுக்க இழுக்க வராமல் தொங்கியது. முனையில் மீசை மாதிரி பொடி சிலிர்த்து நின்றது. அப்பா ராவிய ராவலின் பொடி, மூன்று வருடம் கழித்தும். நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இது ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. என் ஆராய்ச்சியில் நடந்த மிகச் சரியான சோதனை அதுதான், அதைச் செய்தது நீதான்.

மறுநாள் போய், கிராஃபீன் இல்லாத வெறும் சில்லு ஒன்றை எடுத்தேன். அந்த ட்வீசரால் நாலைந்து தடவை பிடித்துத் தூக்கி, கருவியில் வைத்தேன். அதே வளையம். இன்னொரு வெறும் சில்லை, முதல் முறையாகச் சாவியைக் கேட்டு வாங்கி, நல்ல ட்வீசரால் தூக்கி வைத்தேன். ஒன்றும் இல்லை. நான் இரண்டு வருடமாக அளந்தது கிராஃபீனின் காந்தத்தை இல்லை, உன் அப்பா அரத்தால் ராவிய இரும்பை. கட்டுரை அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. யாருக்கும் தெரியாது. சாரிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு வரைபடங்களையும் ஒரு தாளில் ஒட்டி, கீழே "என் ட்வீசர் இரும்பு" என்று எழுதி, அவர் மேஜையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அவர் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். பிறகு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "உக்காரும்மா. ஏன் அலமாரியில இருக்கறத எடுக்கல?" அழுதேன். "சரி, அத அப்புறம் பேசலாம். இந்தக் கட்டுரை போகாது. இந்த அத்தியாயத்தையும் எடுத்துடு. மத்த மூணு அத்தியாயம் ஸ்பின் அளவுகள், அதுல இந்த ட்வீசர் படல, அது சுத்தம். ஒரு பட்டத்துக்கு அது போதும். பொங்கலுக்கு முன்னாடி சமர்ப்பிச்சுட்டு வீட்டுக்குப் போ. உன் பையன் காத்துக்கிட்டு இருக்கான்." அவர் சொன்னது இதுதான், தம்பி. வீட்டுக்குப் போ என்று சொன்னவரைத்தான் பதினைந்து வருடமாக நம் வீட்டில் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் போகவில்லை. எல்லாச் சில்லுகளையும் புதிதாகச் செய்து, முதலில் இருந்து அளந்து, கிராஃபீனில் காந்தம் இருக்கிறதா இல்லையா என்று முடிவாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார், இரண்டு முறை. நான் வாய் திறந்து அடம் பிடித்தது அந்த ஆய்வகத்தில் அது ஒன்றுதான். உண்மையைத் தேடினேன் என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையான காரணம் டீ குடிக்கும் இடம்தான். ஊரில் இருந்து வந்த ஒருத்தி, சாவி கேட்க வெட்கப்பட்டு, இரும்பைக் கொண்டுவந்து இரண்டு வருட வேலையைக் கெடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்று அங்கே பேசுவார்கள் என்கிற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, உன்னிடம் இருந்து ஒன்றரை வருடத்தை எடுத்துக்கொண்டேன். உன் அனுமதி கேட்கவில்லை. உனக்கு எட்டு வயது, கேட்டிருந்தாலும் நீ தருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாய்.

பொங்கலுக்கு வந்தபோது நீ காலண்டரைக் காட்டினாய். "சார் விடலடா தம்பி. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னுட்டாரு" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவரிடம் நிஜத்தைச் சொன்னால் ட்வீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ராவிக் கொடுத்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வேன்? நீ "பரவால்லமா" என்றாய். போய்க் காலண்டரில் அந்த வட்டத்தின் மேல் பேனாவால் கிறுக்கிவிட்டு வந்து விளையாட ஆரம்பித்தாய்.

அடுத்த சித்திரையில் உனக்கு அம்மை போட்டது. அத்தை போன் செய்தார். "ஒடம்பு பூரா கொப்புளம். அம்மா அம்மான்னு மொனகிக்கினு இருக்குது. ஜல்தியா கெளம்பி வா." அன்று காலையில்தான் கருவியைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வந்திருந்தது. அது வருவது மாதத்தில் ஒரு தடவை. வந்தால் ஆவியாகிப் போவதற்குள் அளந்துவிட வேண்டும், வைத்திருக்க முடியாது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஏறினேன். திண்டிவனம் வரை வந்தேன். பஸ் நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. கண்டக்டர் டீ குடிக்கப் போனார். அந்தப் பத்து நிமிடத்தில் ஹீலியம் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இறங்கினேன். எதிரில் சென்னைக்குப் போகும் பஸ் நின்றிருந்தது, அதில் ஏறிவிட்டேன். விழுப்புரம் அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. இரவு அத்தைக்குப் போன் செய்து, "சார் லீவு குடுக்கலண்ணி" என்றேன். நான் வந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது, உனக்குக் கொப்புளங்கள் காய்ந்துகொண்டிருந்தன. சாருக்கு நீ படுத்திருந்ததே தெரியாது. பின்னால் வேறு யாரோ சொல்லித் தெரிந்து, என்னைக் கூப்பிட்டு, "இதுக்கெல்லாம் ஒரு அளவீடா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆள விட்டு அளந்திருப்பேனே" என்று கோபப்பட்டார். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த முடிவு என்ன தெரியுமா? இல்லை என்பதுதான். சுத்தமான சில்லுகளில் அந்தக் காந்தம் இல்லை. நாலு பக்கக் கட்டுரை. படித்தவர்கள் அதிகம் இல்லை. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு, தன் ட்வீசரைச் சோதித்துப் பார்த்ததாக எனக்கு எழுதினாள். அவளுக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டியதில்லை. அதைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷம் வருகிறது, உடனே நீ ஞாபகத்துக்கு வருகிறாய். இரண்டில் எது பெரியது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. வேலையை நான் நேசித்தேன், தம்பி. அதையும் மறைக்க விரும்பவில்லை. இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற அளவுக்கு இளஞ்சாயம் பூசிய மாதிரி அந்த ஒற்றை அடுக்கு தெரியும் நிமிடம் இருக்கிறதே, அதற்காக நான் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நான் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமைகளில் உன்னையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போவேனே. பத்து வயதில் எனக்கு முன்னால் நீ அந்த அடுக்கைக் கண்டுபிடித்துவிட்டு, "இதோ கீதும்மா" என்று கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவாய். நீ இந்தத் துறைக்குத்தான் வருவாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதை நான் சொன்ன ஒரு பொய் மறிக்கிறது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். எங்கே போய் வேலை செய்தாலும், முதல் நாளே முட்டாள்தனமான கேள்வி ஒன்றைச் சத்தமாகக் கேட்டுவிடு. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும், நாலு நாளில் அவர்களே மறந்துவிடுவார்கள். நான்தான் மறக்காமல் மூன்று வருடம் அதைச் சுமந்தேன். மனதுக்குப் பிடித்த முடிவு வந்தால், அதைக் கொடுத்த கையையும் கருவியையும் முதலில் சந்தேகப்படு, அது யார் ஆசையாகச் செய்து கொடுத்ததாக இருந்தாலும். வேலைக்காக வீட்டில் யாரையாவது காக்க வைக்க நேர்ந்தால், நேரும், அது உன் முடிவு என்று உன் வாயால் சொல்லிவிடு. இன்னொருவர் பெயரைச் சொல்லாதே. காத்திருப்பவர்கள் காத்திருந்துவிடுவார்கள், ஆனால் அவர்களுக்குக் கோபப்படச் சரியான ஆள் வேண்டும்.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ட்வீசரையும் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "தொடைக்கிறப்ப மண்ணெண்ண போட்டுத் தொடச்சிருக்கணும். நான் வெறும் துணியில தொடச்சிட்டேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதுக்காவ அந்த மனுசன இத்தினி வருசம் திட்டிட்டேனே. போன போடு, இப்பவே" என்றார். போட்டேன். சாருக்கு அறுபது வயதாகப் போகிறது, குரல் மாறியிருக்கிறது. "சார், உங்க பேர்ல ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்து, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவர், "அந்தப் பையன் உன் பையன்னு எனக்குத் தெரியாதும்மா. விண்ணப்பத்துல அவன் உன் பேரச் சொல்லல. நல்லா பதில் சொன்னான், எடுத்தேன். அவன் வரான், வரல, அது அவன் இஷ்டம். மலர்ல போடறதுக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லிடு" என்றார். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் எடுக்கும் கடைசி மாணவன் நீதான் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. போகிறேன் என்று எழுதினாலும் போகவில்லை என்று எழுதினாலும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உனக்கு வேறு ஊர் பிடித்திருக்கலாம், வேறு வேலை பிடித்திருக்கலாம், அவையெல்லாம் நல்ல காரணங்கள். அந்தக் காரணங்களில் இருந்து அவர் பெயரை மட்டும் எடுத்துவிடு. அது இருந்த இடத்தில் என் பெயரை வைத்து, ஒரு முறை முழுசாக யோசித்துப் பார், பிறகு எழுது.

இன்னும் ஒன்றே ஒன்று. நான் உன்னைக் கவனித்துக்கொண்டே வளர்த்தவள், இருந்த நாள்களில். எனக்குத் தெரியும், இதைப் படித்து முடித்ததும் நீ எழுந்து வந்து, என் முகத்தைப் பார்த்து, "பரவால்லமா" என்றுதான் சொல்வாய். உடனே சொல்லிவிடாதே, தம்பி. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அத்தை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. கேட்க வேண்டியதைக் கேள், எத்தனை தடவை வேண்டுமானாலும். நான் குறுக்கே பேச மாட்டேன், அடுப்படிக்கும் போக மாட்டேன். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா